கப்பலேறிய புத்தகங்கள்

வெளிநாட்டுக்கு விடுமுறையில் போகிறவர் எந்தப் புத்தகத்தை உடன் கொண்டுபோவது என்பது தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு முன்புதான் எழுந்த கேள்வி. அதற்கு முன் கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கப் போனவர்கள். விடுமுறை என்றால் அவர்களுக்கு ஊருக்குத் திரும்பி வருவது. ஆனாலும் அவர்களுடைய தகரப்பெட்டிகளில் புத்தகம் இருந்தது. அது எந்தப் புத்தகம் என்பதை அவரவர் ருசி மட்டும் முடிவு செய்யவில்லை. வழியில் எது விற்றது, பெட்டியில் எவ்வளவு இடம் மிஞ்சியது, உடன் போகிறவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும், அக்கரை அரசு எதை உள்ளே விட்டது என்பதெல்லாம் சேர்ந்தே முடிவு செய்தன.

இந்த வரலாற்றைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. பழனிசெட்டிபட்டி தேனி நகரை ஒட்டி, கம்பம் சாலையில், முல்லைப் பெரியாற்றங்கரையில் உள்ள பேரூராட்சி. "லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர்" என்பது பள்ளத்தாக்கின் இருபோக நெல் சாகுபடியைப் பற்றிய செய்திகளில் தவறாமல் வரும் வாசகம். பென்னிகுக் கட்டிய பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்ட பிறகு வந்த தண்ணீரின் கணக்கு அது. அந்தத் தண்ணீர் வெளியூர் ஆட்களைப் பள்ளத்தாக்குக்குள் இழுத்தது. அதே காலத்தில் உள்ளூர் ஆட்கள் ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் மலையேறிக்கொண்டிருந்தார்கள். குமுளிக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அதற்கு வேறு அரசர், தனி நாணயம், தனி அஞ்சல். 1949இல் அது கொச்சியோடு இணைக்கப்படும்வரை பழனிசெட்டிபட்டிக்காரருக்கு மிக அருகில் இருந்த 'வெளிநாடு' கால்நடையாகவே போய்ச் சேரக்கூடியது.

நடந்து போகிற பயணத்துக்குத் தமிழில் பழைய இலக்கியமே உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வருபவனுக்கு வழியையும், வழியில் கிடைக்கும் சோற்றையும், கொடுப்பவன் பெருமையையும் சொல்லும் அமைப்பு அவற்றுடையது. பல நூற்றாண்டு கழித்து அந்த வேலையை எளிய மெட்டில் எடுத்துக்கொண்டது வழிநடைச் சிந்து. கோயிலுக்குக் கூட்டமாக நடப்பவர்கள் பாடிக்கொண்டே போவதற்கான பாட்டு அது. கடக்கும் ஊர், சத்திரம், ஆறு, தோப்பு எல்லாம் வரிசையாக அதில் வரும். அச்சுக்கூடங்கள் பெருகியபோது வழிநடைச் சிந்துகள் சிறு புத்தகங்களாகவும் வெளிவந்தன. போகிற இடத்தைப் பற்றிப் போகும்போதே படிப்பது என்னும் வழக்கம் தமிழருக்கு ஐரோப்பியர் கற்றுக்கொடுத்ததல்ல. அது யாத்திரைக்கு மட்டும் உரியதாக நின்றுவிட்டது, அவ்வளவுதான். பிழைப்புக்குப் போனவனுக்கு யாரும் ஆற்றுப்படை எழுதவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியின் வாய்ச்சொல்தான் அவனுக்கு வழிகாட்டி. அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது அக்கரையில் இறங்கியபின்தான் அவனுக்குத் தெரிந்தது.

இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835இல் சட்டம் இடம் தந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தமிழ்ப் புத்தகம் தெருவுக்கு வந்துவிட்டது. தேனிப் பக்கத்துக்காரருக்குப் புத்தகம் வாங்கும் ஊர் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தூண்களுக்கு நடுவே தையற்காரர்களும் பாத்திரக்காரர்களும் புத்தகக்காரர்களும் அண்மைக்காலம்வரை கடை வைத்திருந்தார்கள். அங்கே அடுக்கிவைத்து விற்றவை 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, புலந்திரன் களவு, பவளக்கொடி மாலை, மதுரை வீரன் கதை, தேசிங்குராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை என்று அந்தப் பட்டியல் நீளும். பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் அவற்றை மறுபடி மறுபடி அச்சிட்டன. அட்டையில் மரக்கட்டையில் செதுக்கி எடுத்த படம் இருக்கும். தாள் சொரசொரப்பு, தையல் முரடு. எழுத்து மட்டும் சிம்னி விளக்கு வெளிச்சத்திலும் தெரிகிற அளவு. புத்தகத்தின் வடிவமே அதன் உபயோகத்தைச் சொல்லிவிடும். ஒருவர் ராகம் போட்டுப் படிக்கச் சுற்றி இருபது பேர் கேட்பதற்காகச் செய்தது அது. தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து வாய்திறவாமல் படிப்பதற்கு அவ்வளவு பெரிய எழுத்து தேவையில்லை.

ரயில் வந்தது வாசிப்பின் வேகத்தை மாற்றியது. தென்னகத்தின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. மதுரைக்கு இருபது ஆண்டுக்குள் தண்டவாளம் வந்துவிட்டது. 1844இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் தென்னிந்திய ரயில் நிலையங்களில் புத்தகக் கடை வைத்தது. வடக்கே அந்த இடம் 1877இல் அலகாபாத்தில் உருவான ஏ.எச். வீலருக்கு. இந்தக் கடைகளின் முதல் வாடிக்கையாளர்கள் ஆங்கிலம் படித்தவர்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு வேறு வியாபாரம் இருந்தது. கொலை வழக்கு, ரயில் விபத்து, வெள்ளம், 1914இல் எம்டன் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியது என அன்றைய பரபரப்பு எதுவானாலும் சில நாளில் பாட்டாகிவிடும். அதைச் சில பக்கங்களில் அச்சடித்துக் காலணா, அரையணாவுக்குப் பாடிக்காட்டியே விற்பார்கள். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் குஜிலிப் பாட்டு என்று அழைக்கப்பட்ட இவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். படித்தவர்கள் முகம் சுளித்த இந்தத் தாள்கள்தான் தமிழ்நாட்டின் முதல் பயண வாசிப்பு என்று சொன்னால் மிகையாகாது. ஏறிய நிலையத்தில் வாங்கி, இறங்கும் நிலையத்தில் விட்டுவிட்டுப் போகலாம்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது. மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950களில்தான் மறுபடி போட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் மதுரை போய் ராமேஸ்வரம் வண்டி பிடிக்க வேண்டியவருக்குப் பேருந்துதான் கதி.

ஐரோப்பாவில் இதே காலத்தில் விடுமுறை வாசிப்பு ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது. லண்டனின் ஜான் மர்ரே 1836 முதல் நாடுவாரியாகப் பயணக் கையேடுகள் வெளியிட்டார். ஜெர்மனியின் பேடெக்கர் நிறுவனம் அதற்குப் போட்டி. லைப்சிக் நகரத்து டௌக்னிட்ஸ் பதிப்பகம் 1841இல் ஆங்கில நாவல்களை மலிவான தாளட்டையில் அச்சிட்டு ஐரோப்பாவில் சுற்றும் ஆங்கிலேயருக்கு விற்கத் தொடங்கியது. பிரிட்டனுக்குள் அவற்றைக் கொண்டுபோகக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே பயணம் முடிவதற்குள் படித்து முடித்தாக வேண்டும். டபிள்யூ.எச். ஸ்மித் 1848இல் யூஸ்டன் நிலையத்தில் கடை திறந்தார். பெங்குவின் தாளட்டை நூல்கள் 1935இல் ஆறு பென்னிக்கு வந்தன. சாமர்செட் மாம் 1932இல் வெளியிட்ட 'புத்தகப் பை' என்ற சிறுகதையில், அழுக்குத்துணிப் பை ஒன்று நிறையப் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு கதைசொல்லி மலாயாவில் ஊர் ஊராகப் போகிறார். எந்த மனநிலைக்கும் எந்தப் பருவத்துக்கும் ஏற்ற புத்தகம் கைக்கெட்ட வேண்டும் என்பது அவர் வாதம். பையைத் தூக்குவதற்குக் கூலியாள் இருந்ததால் அந்த வாதம் செல்லுபடியானது. அதே மலாயாவுக்கு அதே ஆண்டுகளில் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் போன தமிழனுக்குப் பெட்டி அவன் தலைமேல்.

கடல் கடந்த தமிழ்ப் பயணத்துக்கு இரண்டு பெரிய வழிகள் இருந்தன. ஒன்று இலங்கை. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் சேர்ந்து இயங்கத் தொடங்கியபோது, எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கிக் கொழும்புவரை போக முடிந்தது. போட்மெயில் என்று ஊர் முழுக்கத் தெரிந்த வண்டி அது. தோட்டத் தொழிலாளர்களுக்கு நடுவில் இன்னொரு நிறுத்தம் உண்டு. மண்டபம் முகாமில் அவர்களை நாள்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். கையில் வேலை இல்லாத, ஊரும் இல்லாத அந்த நாட்களுக்குக் கதைப்புத்தகம் பொருத்தமான துணை. அக்கரைத் தோட்டங்களில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் ஆண்டுதோறும் ஆடப்பட்டன. மனப்பாடமாக வந்தது பாதி, அச்சில் வந்தது பாதி என்று கொள்ளலாம். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து வாசலில் ராமாயணமோ அல்லி கதையோ படிப்பவருக்கு எழுத்து தெரிந்தவர் என்ற மரியாதை தனியாக உண்டு.

தோட்டத்துக்குள் என்ன படிக்கலாம் என்பதில் துரைகளுக்கும் ஒரு கருத்து இருந்தது. தோட்டங்கள் தனியார் நிலம். வெளியாட்கள் உள்ளே போனால் அத்துமீறல். தஞ்சைப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசையர் துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை எழுதினார். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பழகிய மெட்டுகளில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் சிறு புத்தகமாகவும் வந்தன. நல்லதங்காளைப் பாடத் தெரிந்தவருக்கு இதையும் பாடத் தெரியும் என்ற கணக்கு மீனாட்சி அம்மாளிடம் இருந்தது. பொழுதுபோக்கு வாசிப்பையும் அரசியல் வாசிப்பையும் தனித்தனி அலமாரியில் வைப்பது படித்தவர் வழக்கம். லயத்தில் அலமாரியே கிடையாது.

இன்னொரு வழி மலாயா. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜுலா சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973வரை போய்வந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் கடலில். மேல்தட்டுப் பயணிகளுக்கு அறை கிடையாது. பாயும் தலையணையும் சமையல் பாத்திரமும் ஊறுகாய் ஜாடியும் அவரவரே கொண்டுபோனார்கள். அந்தச் சுமையில் இடம்பிடித்த புத்தகங்களில் முதல் இடம் பஞ்சாங்கத்துக்கு. அயல்நாட்டில் அமாவாசை எப்போது, தகப்பனார் திதி எந்த நாள், ஆடிப்பெருக்கு எந்தத் தேதி என்று கேட்கப் பக்கத்துத் தெரு ஐயர் இருக்கமாட்டார். பாம்புப் பஞ்சாங்கம் ஓராண்டுக்குக் காலண்டர், புரோகிதர், வைத்தியர் எல்லாமாகவும் வேலை செய்தது. அடுத்த ஆண்டுக்கு ஊரிலிருந்து வருகிற யாராவது புதியது கொண்டுவர வேண்டும். அதற்குக் கீழே தேவாரத் திரட்டோ கந்தர் சஷ்டி கவசமோ. மீதி இடம் இருந்தால் கதை.

கதைகள் அப்போது மாறிக்கொண்டிருந்தன. 1910களிலிருந்து ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களைக் குவித்தார்கள். பலவற்றுக்கு மூலம் ரெய்னால்ட்ஸ் போன்ற ஆங்கில மலிவுப் பதிப்பு எழுத்தாளர்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி அதில் தம் நாவல்களை வெளியிட்டார். இவை ராகம் போட்டுப் படிப்பதற்கானவை அல்ல. அடுத்த அத்தியாயத்தில் யார் கொலைகாரன் என்று தெரிய வேண்டும். இருபது பேர் சேரும்வரை காத்திருக்க முடியாது. கேட்கும் வாசிப்பு படிக்கும் வாசிப்பாக மாறியதில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பங்கோ அதற்குக் குறையாத பங்கு துப்பறியும் கதைக்கு உண்டு.

மலாயாவிலும் இலங்கையிலும் தமிழ் நாளிதழ்கள் நிலைபெற்றதும் இந்தக் காலத்தில்தான். கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' 1924இல், கொழும்பில் 'வீரகேசரி' 1930இல், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1935இல் தொடங்கின. அன்றாடச் செய்திக்கு அவை போதும். வாசிப்பு ருசிக்கு மட்டும் தமிழகத்து வார இதழ்கள்தான் வேண்டியிருந்தன. எஸ்.எஸ். வாசன் 1928இல் வாங்கிய 'ஆனந்த விகடன்', 1941இல் வந்த 'கல்கி', 1947இல் வந்த 'குமுதம்' ஆகியவை கப்பலில் கட்டுக்கட்டாகப் போயின. வாரம் தவறினால் தொடர்கதை தவறும். அதனால் பிறந்த வழக்கம் ஒன்றைத் தமிழ் வீடுகளில் இன்றும் காணலாம். இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்பவரிடம் கொடுத்துக் காலிகோ முதுகு வைத்துத் தைத்துக்கொள்வார்கள். 1950 முதல் 1954வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' அப்படிப் பல வீடுகளில் தொகுதிகளாக நின்றது. ஓவியர் மணியத்தின் வந்தியத்தேவன் ஒரு பக்கம் குதிரையில் போவான். அதே தாளின் பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரமும் பாதி நகைச்சுவைத் துணுக்கும் இருக்கும். கடைப் புத்தகத்தில் கிடைக்காத அந்தக் காலத்து ஊர் வாசனை, பைண்டு செய்த தொகுதியில் விளம்பரத்தோடு சேர்ந்து கடல் கடந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்துபோகிறவருக்கு எடுத்துப்போக அதைவிட ஏற்ற சாமான் இல்லை.

போகிற நாட்டைப் பற்றிய புத்தகம் அந்தப் பெட்டியில் அநேகமாக இல்லை. தமிழில் பயண நூல்களே இல்லாத காலமல்ல அது. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தி, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில்தான் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. படம் 1940இல் வெளியாயிற்று. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவர் நூலின் தலைப்பு அவருக்கே பட்டப்பெயர் ஆயிற்று. தம் 'குமரி மலர்' இதழில் பழைய தமிழ்ப் பயணக் கட்டுரைகளைத் தேடித் தேடி மறுபதிப்புச் செய்தார். அவருக்குப் பின் சோமலெ வந்தார். அடுத்து மணியன் 'இதயம் பேசுகிறது' என்ற தலைப்பில் விகடனில் எழுதிய உலகப் பயணத் தொடரைத் தமிழகமே வாரந்தோறும் படித்தது. படித்தவர்களில் விமானம் ஏறியவர்கள் மிகச் சிலர். வெளிநாட்டைப் பற்றிய எழுத்தை ஊரில் இருந்தவர்கள் படித்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊரைப் பற்றிய எழுத்தைப் படித்தார்கள். எது கைக்கெட்டாததோ அதைத்தான் புத்தகத்தில் தேடினார்கள் என்பதால், இதில் வியக்க ஒன்றுமில்லை. அக்கரைக்காரர் சயாமும் பினாங்கும் கண்டியும் எப்படி இருக்கும் என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை; அவற்றின் வெயிலும் அட்டையும் அவருக்கு அன்றாடம்.

இதற்கு ஒரு விலக்கு ஹஜ் பயணம். உத்தமபாளையமும் கம்பமும் ராவுத்தர்கள் செறிந்து வாழும் ஊர்கள். பள்ளத்தாக்கின் பழைய கல்லூரிகளில் ஒன்றான ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் தொடங்கியது உத்தமபாளையத்தில்தான். அதன் பெயரிலேயே ஒரு ஹாஜி இருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் பம்பாய்வரை ரயிலில் போய் அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறுவார். கப்பல் வழி 1995வரை நீடித்தது. இந்தப் பயணத்தில் வாசிப்பு பொழுதுபோக்கல்ல, ஆயத்தம். எங்கே இஹ்ராம் உடுத்துவது, தவாஃப் எத்தனை சுற்று, எந்த இடத்தில் எந்த துஆ என்று வரிசையாகச் சொல்லும் கையேடுகள் தமிழில் அச்சாயின. அரபு ஓதத் தடுமாறுபவருக்கு ஒலிப்பைத் தமிழெழுத்தில் தரும் பக்கங்களும் அவற்றில் உண்டு. வழிநடைச் சிந்து செய்த வேலையை உரைநடையில் செய்த நூல்கள் இவை. புறப்படும் முன்பே படித்து, கப்பலில் மறுபடி படித்து, அரஃபாத்தில் கையில் வைத்துக்கொண்டு படித்தார்கள். பயணப் புத்தகத்தை இவ்வளவு ஒழுங்காகப் பயன்படுத்திய வேறு தமிழ்ப் பயணி இல்லை.

அரசுகள் குறுக்கிட்ட கதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. 1980களின் இனக்கலவரம் அதையும் நிறுத்தியது. அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், தமிழகத்து வணிக இதழ்களின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்திவிட்டது. விகடனும் குமுதமும் வராமற்போன வெற்றிடத்தில் வீரகேசரிப் பிரசுரம் இலங்கை எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வரிசையாக வெளியிட்டது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்'றும் அப்படி வந்தவை. தமிழக இதழ்க்காரருக்கு நட்டம். இலங்கைத் தமிழ் நாவலுக்கு அந்தக் கட்டுப்பாடு நல்ல காலமாயிற்று.

தமிழகத்தில் அப்போது மாத நாவலின் காலம். சி.பா. ஆதித்தனார் 1969இல் தொடங்கிய 'ராணி முத்து' ஒரு முழு நாவலை ஒரு ரூபாய்க்கு மாதந்தோறும் கொடுத்தது. மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் என்று பின்னால் வந்தவை அளவை இன்னும் குறைத்தன. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் கதைகள் சட்டைப்பையிலும் அடங்கின. இவற்றை விற்ற இடம் புத்தகக் கடை அல்ல, பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடை. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். பக்கத்தில் வாழைப்பழத் தார். தேனி, போடி, கம்பம் நிலையங்களில் மதுரைப் பேருந்து புறப்படும்முன் கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் ஒன்றை உருவிக் காசைக் கொடுத்துவிட்டு ஏறலாம். சிவகாசியிலிருந்து 1972இல் வந்த முத்து காமிக்ஸ் சிறுவருக்கு அதே வேலையைச் செய்தது. இரும்புக்கை மாயாவி அதன் முதல் நாயகன். வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகி தமிழ்த் தொழிலாளர்கள் விமானம் ஏறியபோது அவர்களோடு போனதும் இந்த மாத நாவல்கள்தான். விமானத்தில் எடைக் கணக்கு கறார். ஊறுகாய்க்கும் மசாலாப்பொடிக்கும் போக மிஞ்சும் எடையில் பாக்கெட் நாவல் ஐந்தாறு அடங்கும். சவூதி அரேபியாவில் வெளிநாட்டு இதழ்ப் படங்களின் மேல் தணிக்கைக்காரர்கள் கறுப்பு மை பூசினார்கள். அட்டையில் நடிகை இல்லாத புத்தகத்தை எடுத்துப்போவது உத்தமம். கேம்ப் அறையில் ஒரு நாவல் பத்துக் கை மாறும். கடைசிப் பக்கம் கிழிந்துபோனால் முதலில் படித்தவர் முடிவை வாயால் சொல்ல வேண்டியதுதான்.

விடுமுறைக்காகவே வெளிநாடு போவது 1990களுக்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. நெடும்பாசேரியில் கொச்சி விமான நிலையம் 1999இல் திறந்தது. கம்பம் பள்ளத்தாக்கினருக்குக் குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ போகக்கூடிய தூரம் அது. மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012இல் நேரடி விமானம் வந்தது. துபாயும் சிங்கப்பூரும் பின்னால் சேர்ந்தன. போட்மெயில் காலத்தில் இரவும் பகலுமாகப் போன கொழும்பு, விமானத்தில் ஒரு சினிமாகூடப் பார்த்து முடிக்க முடியாத தூரமாகிவிட்டது. தேனிக்கு அகலப்பாதை ரயில் 2022இலும் போடிக்கு 2023இலும் வந்தது. மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்தும் ஏற்பாடு 2022க்குப் பிறகு தேனிக்கும் கிடைத்தது. மதுரைக்குப் போகாமலே வேண்டிய புத்தகத்தைப் புரட்டிப்பார்த்து வாங்கும் நிலை பள்ளத்தாக்குக்கு வந்தது இப்போதுதான்.

போகிற நாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்கும் இன்றைய தமிழ்ப் பயணிக்கு வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பைக் கொடுத்தவர்கள் பயணக் கையேடு எழுதியவர்கள் அல்ல. பிழைக்கப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். இலங்கைக்குப் போகிறவர் பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றை எடுத்துப்போவது வழக்கமாகிவருகிறது. அருள்மொழிவர்மன் அனுராதபுரத்தில் திரிவது அதில்தான். நுவரெலியாவுக்கு ஏறுகிறவருக்கு அதைவிடப் பொருத்தம் தெளிவத்தை ஜோசப்பின் கதைகள். தேயிலைச் செடிக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்பவருக்கு அந்தச் செடியின் கணக்கு அவற்றில் கிடைக்கும். மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து 1938இல் மேடானுக்கு வேலைக்குப் போய், பின்னால் மதுரையில் நாளிதழில் பணியாற்றிக்கொண்டே யாருக்கும் தெரியாமல் வாழ்ந்த அவர், 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்று இரண்டே நாவல்கள் எழுதினார். இரண்டாவது 1972இல் வெளிவந்தது. போர்க்காலத்து மேடானும் பினாங்கும் தெருத்தெருவாக அதில் இருக்கின்றன. ஆனால் அந்தத் தெருக்களில் நடக்கும் கதாநாயகன் பாண்டியனின் மனம் மதுரை வீதிகளைப் பெயர் பெயராக எண்ணிக்கொண்டே போகிறது. கூட்டாளிகளோ கள்ளும் மதுவும் நடுவே வைத்துத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி வாதாடுகிறார்கள். தகரப்பெட்டிக்காரர்களின் வாசிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. பினாங்குக்கு விடுமுறையில் போகிறவர் ஒரே ஒரு புத்தகம்தான் எடுத்துப்போக முடியும் என்றால் இதுவே ஆகட்டும்.

எடைப் பிரச்சினையைக் கடைசியில் தீர்த்ததும் வெளிநாட்டில் இருந்த தமிழர்கள்தான். ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் உட்கார்ந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் இலவசமாக ஏற்றினார்கள். சங்க இலக்கியமும் கம்பனும் கல்கியும் ஒரு கைப்பையின் எடைகூட இல்லாமல் கடல் கடக்கத் தொடங்கின. கிண்டில் கருவி 2007இல் வந்தாலும் அமேசான் அதில் தமிழ் நூல்களை முறையாக விற்க 2016 டிசம்பர் ஆயிற்று. இன்று தேனியில் பேருந்து ஏறுகிறவர் கைப்பேசியில் ஐந்நூறு புத்தகம் வைத்திருக்கலாம். அயல்நாட்டில் ரோமிங் கட்டணம் எகிறும் என்பதால், வேண்டியதை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு புறப்பட வேண்டும்.